பிளஸ் ஒன்: விகிதமுறு சார்பும் வர்க்கமூலச் சமன்பாடும் – எந்த வரிசையில் நடத்துவது, பொருந்தாத மூலத்தை எப்படிப் புரியவைப்பது?

பாலக்கோடு_கணிதம்:

வணக்கம். தருமபுரி மாவட்ட அரசு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் கணிதப் பிரிவு. விகிதமுறு சார்பு, விகிதமுறு அசமன்பாடு, வர்க்கமூலம் வரும் சமன்பாடு மூன்றுக்கும் சேர்த்துப் பத்து பீரியடு ஒதுக்க முடிகிறது. ஒரு பீரியடு 40 நிமிடம். பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலேயே மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), விலக்கப்பட்ட மதிப்பு (பகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்பு) எல்லாம் செய்துவிட்டு வந்தவர்கள். செய்முறை கைவசம் இருக்கிறது. ஆனாலும் திருத்தத் திருத்த இந்தப் பிழைகள் திரும்பி வருகின்றன:

(x + 6)/(x + 2) என்று கொடுத்தால் மேலும் கீழும் x-ஐ அடித்துவிட்டு 3 என்கிறார்கள்.

(x² − 9)/(x − 3)-ஐச் சரியாகச் சுருக்கி x + 3 ஆக்குகிறார்கள். வரைபடம் கேட்டால் முழு நேர்கோடு போடுகிறார்கள். x = 3 விலக்கப்பட்டது என்று இரண்டு வரிக்கு முன்னால் அவர்களே எழுதியிருப்பார்கள்.

√(x + 7) = x − 5-க்கு 9, 2 இரண்டையும் விடையாக எழுதுகிறார்கள். 2 முதல் சமன்பாட்டுக்குப் பொருந்தாத மூலம். சரிபார்க்கச் சொன்னால் வர்க்கப்படுத்திய பிறகு கிடைத்த இருபடிச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே இரண்டும் பொருந்தத்தானே செய்யும்!

√(x + 5) + √x = 5-ஐ வர்க்கப்படுத்தி x + 5 + x = 25, ஆகவே x = 10.

(x + 1)/(x − 2) ≥ 3-ஐக் குறுக்கே பெருக்கி x ≤ 7/2.

"கடைசியில் சரிபார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது ஒரு சடங்காகிவிடுகிறது. ஏன் சரிபார்க்கிறோம் என்பது உள்ளே இறங்க வேண்டும். எந்த வரிசையில் போவது, போர்டில் எதை வரைந்து காட்டுவது, நம்ம பக்கத்து எடுத்துக்காட்டுகள் எவை பொருந்தும்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.


கேஆர்பி_அணை:

மேடம், விகிதமுறு பகுதிக்கு மட்டும் நான் எழுதுகிறேன். வர்க்கமூலத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் பிழையைத் திருத்த விதி சொல்வதைவிட எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் கொடுங்கள். சுருக்கும் முன்பும் பின்பும் ஒரே எண்ணைப் போட்டால் ஒரே விடை வர வேண்டும். ஆனால் எந்த எண் என்பதில் கவனம் தேவை. (x + 6)/(x + 2)-இல் x = 0 போட்டால் 6/2 = 3 வந்து, தப்பாக அடித்ததையே சரி என்று காட்டிவிடும். 0 வேண்டாம், 1-உம் வேண்டாம் (அடுக்குப் பிழைகள் 1-இல் ஒளிந்துகொள்ளும்). x = 10 போடச் சொல்லுங்கள். 16/12 = 4/3. மூன்று இல்லை. பிள்ளைக்கே தெரிந்துவிடும். அதன் பிறகு "காரணியை அடிக்கலாம், உறுப்பை அடிக்கக் கூடாது" என்று சொன்னால் நிற்கும். கூட்டலால் இணைந்தது உறுப்பு, பெருக்கலால் இணைந்தது காரணி. அடிப்பதற்கு முன் தொகுதியும் பகுதியும் முழுக்க அடைப்புக்குறிகளின் பெருக்கலாக மாறியிருக்க வேண்டும். மாறாத வரியில் சாய்கோடு போட்டால் அந்த வரிக்கு மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.

இரண்டாவது பிழைக்குக் காரணம், விலக்கப்பட்ட மதிப்பைத் தனிக் கேள்வியாகப் பத்தாம் வகுப்பில் பழகியது. "விலக்கப்பட்ட மதிப்பு காண்க" என்றால் கண்டுபிடிப்பார்கள். கேட்காவிட்டால் அது இல்லை என்று நினைப்பார்கள். அதனால் சுருக்கிய விடை எழுதும்போது நிபந்தனையையும் அதே வரியில் எழுத வைக்க வேண்டும்: x + 3, x ≠ 3. இரண்டும் சேர்ந்ததுதான் விடை. நிபந்தனை இல்லாத விடை பாதி விடை.

வரைபடத்துக்கு இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். x = 2, 2.9, 2.99 என்று 3-ஐ நெருங்கி, பிறகு 3.01, 3.1, 4 என்று விலக வேண்டும்.

(x² − 9)/(x − 3): 5, 5.9, 5.99, பிறகு 6.01, 6.1, 7.
1/(x − 3): −1, −10, −100, பிறகு 100, 10, 1.

இரண்டிலும் x = 3 கிடையாது. ஆனால் முதலாவது 6-ஐ நோக்கி அமைதியாகப் போகிறது. அங்கே ஒரே ஒரு புள்ளி மட்டும் விடுபடுகிறது. அதுதான் துளை, வெற்று வட்டம் போட வேண்டும். இரண்டாவது ஒரு பக்கம் கீழே, ஒரு பக்கம் மேலே எல்லையில்லாமல் போகிறது. அது நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு (வளைவரை நெருங்கிக்கொண்டே போகும் கோடு). அடிபட்டுப்போன காரணி துளையைத் தரும், அடித்த பிறகும் பகுதியில் மிஞ்சும் காரணி தொலைத்தொடுகோட்டைத் தரும். உடனே (x − 3)/(x − 3)² கொடுத்துச் சோதியுங்கள். "ஒரு x − 3 அடிபட்டது, ஆகவே துளை" என்பார்கள். பகுதியில் இன்னொன்று மிச்சமிருக்கிறது; ஆகவே தொலைத்தொடுகோடுதான்.

வரைபடம் முழுதாக வரைவதற்கு ஒரு கணக்கு. குறிக்கும் புள்ளிகளின் y மதிப்பு முழு எண்ணாக விழும்படி அமைத்தது:

y = (2x² + 2x − 4)/(x² − x − 6)

தொகுதி 2(x − 1)(x + 2), பகுதி (x − 3)(x + 2). விலக்கப்பட்டவை 3, −2. x + 2 அடிபடுகிறது: y = 2(x − 1)/(x − 3). துளை x = −2-இல்; உயரம் சுருக்கிய வடிவத்தில் போட்டால் 2(−3)/(−5) = 1.2. x-அச்சை வெட்டும் இடம் 1, y-அச்சை வெட்டும் இடம் 2/3.

கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டுக்கு "படிகள் சமம் என்றால் கெழுக்களை வகு" என்ற குறுக்குவழியை உடனே கொடுக்க வேண்டாம். வகுத்துக் காட்டுங்கள்: 2(x − 1) = 2(x − 3) + 4. ஆகவே y = 2 + 4/(x − 3). x பெரிதாகப் பெரிதாக 4/(x − 3) தேய்கிறது, y ஆனது 2-ஐ நெருங்குகிறது. இந்த வடிவத்தில் இன்னொரு லாபம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் எதிர் மாறுபாட்டுக்கு xy = மாறிலி என்று வரைந்தார்களே, அதே வளைவரைதான் இது; 3 அலகு வலப்புறம், 2 அலகு மேலே நகர்ந்திருக்கிறது. ஆள்–நாள் கணக்கில் குறை எண் வராததால் அப்போது ஒரு கிளையை மட்டும் வரைந்தார்கள். இப்போது இரண்டாவது கிளையும் வருகிறது. தெரிந்த வரைபடத்திலிருந்து தொடங்கினால் பயம் பாதி போய்விடும்.

புள்ளிகள்: x = −1, y = 1. x = 2, y = −2. x = 2.5, y = −6. x = 4, y = 6. x = 5, y = 4. x = 7, y = 3. வரைபடத்தாளில் இரண்டு அச்சிலும் 1 செ.மீ. = 1 அலகு போதும். தொலைத்தொடுகோடுகளை முதலில் பென்சிலில் விட்டுவிட்டுக் கோடாக வரைந்துவிட்டுத்தான் புள்ளி வைக்க வேண்டும். முதலில் புள்ளி வைத்தால் (2.5, −6)-ஐயும் (4, 6)-ஐயும் ஒரு கோட்டால் இணைத்துவிடுவார்கள். வகுப்பில் அதிகம் வரும் தவறு இதுதான்.

இன்னொன்றையும் அப்போதே தீர்த்துவிடுங்கள். "தொலைத்தொடுகோட்டைத் தொடவே கூடாது" என்பது நிலைக்குத்துக் கோட்டுக்குத்தான் உண்மை. கிடைமட்டக் கோட்டை வளைவரை வெட்டலாம். y = 4x/(x² + 1)-க்குத் தொலைத்தொடுகோடு y = 0. ஆனால் வளைவரை ஆதிப்புள்ளி வழியாகவே போகிறது. கிடைமட்டக் கோடு வெகுதூரத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது.


மொரப்பூர்_ஜங்ஷன்:

வர்க்கமூலத்துக்கு வருகிறேன்.

மேடம், பொருந்தாத மூலம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: திரும்பிப் போக முடியாத ஒரு படியிலிருந்து வருகிறது. a = b என்றால் a² = b². இது எப்போதும் சரி. ஆனால் a² = b² என்றால் a = b ஆகவும் இருக்கலாம், a = −b ஆகவும் இருக்கலாம். ஆகவே வர்க்கப்படுத்தும் வரியில் ⇔ (இரு திசையிலும் உண்மை) போடக் கூடாது, ⇒ (முன்னோக்கி உண்மை) மட்டும்தான். ஒவ்வொரு வரிக்கும் இடையில் இந்த அம்புக்குறிகளில் எது வரும் என்று எழுத வையுங்கள். இரண்டு பக்கமும் 5 கூட்டினால் ⇔. 3-ஆல் பெருக்கினால் ⇔. x − 2-ஆல் பெருக்கினால்? x = 2 ஆக இருக்க வாய்ப்பு இருப்பதால் ⇒ மட்டும். வர்க்கப்படுத்தினால் ⇒. ஒற்றை அம்பு வந்த கணக்கில் சரிபார்ப்பது கட்டாயம். எல்லா அம்பும் இரட்டை என்றால் கூட்டல் கழித்தல் பிழைக்காக மட்டும் பார்த்தால் போதும். விகிதமுறு சமன்பாடும் வர்க்கமூலச் சமன்பாடும் பாடநூலில் தனித்தனியாக வந்தாலும், இரண்டிலும் நடப்பது ஒன்றே என்பது இப்படித்தான் தெரியும்.

போர்டில் வரைய உங்கள் கணக்கே பொருத்தம். √(x + 7) = x − 5. வர்க்கப்படுத்தினால் x + 7 = x² − 10x + 25, அதாவது x² − 11x + 18 = 0; மூலங்கள் 9, 2.

வெள்ளை சாக்பீஸில் y = √(x + 7) வரையுங்கள்: (−7, 0)-இல் தொடங்கி (−3, 2), (2, 3), (9, 4) வழியாகப் போகும் மேல் பாதி. இன்னொரு நிறத்தில் y = −√(x + 7): அதே கிடைத்தூரங்களில் −2, −3, −4 என்று கீழ்ப் பாதி. இரண்டும் சேர்ந்து பக்கவாட்டில் படுத்த பரவளையம் y² = x + 7. இப்போது y = x − 5 என்ற நேர்கோடு. அது மேல் பாதியை (9, 4)-இல் வெட்டுகிறது, கீழ்ப் பாதியை (2, −3)-இல் வெட்டுகிறது. கேட்டது மேல் பாதியை மட்டும். வர்க்கப்படுத்திய நொடியில் கீழ்ப் பாதியும் சமன்பாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகவே 2 எங்கோ நடந்த கணக்குப் பிழையால் வந்ததில்லை; அது −√(x + 7) = x − 5 என்ற சமன்பாட்டின் சரியான மூலம். இந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை, எந்தச் சமன்பாட்டில் போட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று பிறகு கேட்காது.

அடுத்த நாள் பிரதியிடாமலே தள்ளும் வழி: √A = B என்றால் B ≥ 0 ஆக வேண்டும். இங்கே x ≥ 5. 2 வெளியே. பலரும் A ≥ 0 என்பதையும் எழுதச் சொல்லி நேரத்தைச் செலவழிக்கிறார்கள். A = B² என்றபோதே A குறை எண்ணாக முடியாது என்பது உறுதியாகிவிடுகிறது. ஆகவே √A = B என்பது A = B², B ≥ 0 இரண்டுக்கும் முழுச் சமானம்; இரட்டை அம்பு போடலாம். இந்த நிபந்தனையை வர்க்கப்படுத்தும் அதே வரியில் எழுத வேண்டும், கடைசியில் ஞாபகம் வந்து எழுதுவதற்கு இல்லை. √(x + 3) = −2 மாதிரி ஒன்றை இடையில் செருகுங்கள். நிபந்தனையை முதலில் பார்ப்பவன் ஒரே வரியில் "தீர்வு இல்லை" என்பான்; பார்க்காதவன் x = 1 என்று எழுதுவான்.

√(x + 5) + √x = 5 வகைக்கு, வர்க்கப்படுத்தும் முன் ஒரு மூலத்தைத் தனியே ஒரு பக்கம் நிறுத்த வேண்டும். √(x + 5) = 5 − √x. வர்க்கப்படுத்தினால் x + 5 = 25 − 10√x + x. x இரண்டு பக்கமும் போய்விடுகிறது, 10√x = 20, x = 4. சரிபார்த்தால் 3 + 2 = 5. நடு உறுப்பு −10√x தவறிப்போவதுதான் பிரச்சினை. இதற்கும் எண்தான் மருந்து: √9 + √16 = 7, அதன் வர்க்கம் 49; 9 + 16 = 25. நடுவில் 24 காணாமல் போனது எங்கே என்று கேளுங்கள். 2 × 3 × 4 என்று அவர்களே சொல்வார்கள்.

u = √x என்று மாற்றிச் செய்யும் கணக்குகளில் சோடியாகக் கொடுங்கள். x − 5√x + 6 = 0: u = 2, 3; ஆகவே x = 4, 9, இரண்டும் சரி. x + √x − 6 = 0: u = 2, −3. இங்கே u = −3-ஐ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வர்க்கமாக்கி x = 9 என்று எழுதிவிட்டால், போட்டுப் பார்க்கும்போது 9 + 3 − 6 = 6 வந்து நிற்கும்.

√(x²) = |x| என்பதைத் தனியாக அரை பீரியடாவது எடுங்கள். பத்தாம் வகுப்பில் பல்லுறுப்புக் கோவைக்கு வர்க்கமூலம் கண்டு விடையில் மட்டுக்குறி போட்டிருப்பார்கள். எதற்கு என்று பலருக்கும் தெரியாது. √(x² − 6x + 9) = 3 − x கொடுங்கள். இடப்பக்கம் |x − 3|. இது 3 − x-க்குச் சமமாவது x ≤ 3 ஆகும்போதெல்லாம். தீர்வு ஒரு எண்ணாக இல்லாமல் ஓர் இடைவெளி முழுவதுமாக வருவதைப் பார்த்தால் மட்டுக்குறிக்கு ஒரு வேலை இருப்பது புரியும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். மூலம் கூடுவதைப் பற்றியே பேசுகிறோம், தொலைவதைப் பற்றிப் பேசுவதில்லை. x√(x − 2) = 3√(x − 2). இரண்டு பக்கமும் √(x − 2)-ஐ அடித்துவிட்டு x = 3 என்கிறார்கள். x = 2-உம் தீர்வு. கூடிவந்த மூலத்தைச் சரிபார்த்துத் தள்ளிவிடலாம். தொலைந்த மூலத்தை எந்தச் சரிபார்ப்பும் மீட்டுத் தராது, ஏனென்றால் சரிபார்க்க அது கையிலேயே இல்லை. மாறி இருக்கும் கோவையால் வகுப்பதை முழுக்க நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தட்டும்: (x − 3)√(x − 2) = 0.


பென்னாகரம்_திசை:

மொரப்பூர் சார் சொன்னதோடு ஒரு சின்னச் சேர்க்கை. கனமூலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ∛x = −2 என்றால் x = −8, சரியாகவே வரும். மும்மடியாக்குவது திரும்பிப் போகக்கூடிய படி. இரண்டு வெவ்வேறு மெய்யெண்களுக்கு ஒரே மும்மடி வராது. ஆகவே இரட்டைப்படை மூலத்தில் ⇒, ஒற்றைப்படை மூலத்தில் ⇔. இதைச் சொல்லாவிட்டால் ∛-க்கும் நிபந்தனை போட்டுச் சரியான குறை விடையைத் தள்ளிவிடுகிறார்கள்.

நம்ம பக்கத்து எடுத்துக்காட்டு கேட்டீர்களே, கிணறு இருக்கிறது. கல் போட்டால் தண்ணீரில் விழும் சத்தம் 3 வினாடியில் கேட்கிறது. ஆழம் h மீட்டர். கல் விழ √(h/4.9) வினாடி, சத்தம் மேலே வர h/340 வினாடி.

√(h/4.9) + h/340 = 3

u = √h என்று வைத்து 340-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ u² + 153.6u − 1020 = 0. மூலங்கள் 6.38, −160 (தோராயமாக). u குறை எண்ணாக முடியாது, ஆகவே u = 6.38, h சுமார் 40.6 மீட்டர். சத்தம் வரும் நேரத்தை விட்டுவிட்டால் 4.9 × 9 = 44.1 மீட்டர் வந்திருக்கும். மூன்றரை மீட்டர் வித்தியாசம்.

தள்ளிய u = −160-ஐ வர்க்கமாக்கினால் ஆழம் 25 கிலோமீட்டருக்கும் மேல். அதையும் கணக்கில் போட்டுப் பாருங்கள்: h/340 சுமார் 75.3, √(h/4.9) சுமார் 72.3. கூட்டினால் 3 வராது, கழித்தால் 3. சார் படத்தில் காட்டிய கீழ்ப் பாதி இங்கே எண்ணாகத் தெரிகிறது. கணக்கு தாளில்தான், பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அனுப்ப வேண்டாம்.


பாலக்கோடு_கணிதம்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. அம்புக்குறி யோசனையும் இரண்டு நிறப் படமும் உடனே வகுப்புக்குப் போகும்.

இரண்டு சந்தேகம். விகிதமுறு சமன்பாட்டில் −50 போன்ற மூலம் வந்தால், "வேகம் குறை எண் ஆகாது" என்று தள்ளுகிறோம். இதையும் பிள்ளைகள் பொருந்தாத மூலம் என்றே எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா? அசமன்பாட்டை யாரும் இன்னும் தொடவில்லை. அதற்கும் வழி சொல்லுங்கள்.


ஓசூர்_எல்லை:

மேடம், இரண்டும் ஒன்று இல்லை. பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

கிருஷ்ணகிரி–ஓசூர் ஏறத்தாழ 50 கி.மீ. வழக்கமான வேகத்தைவிட மணிக்கு 10 கி.மீ. கூட்டிப் போனால் 15 நிமிடம் மிச்சம். வழக்கமான வேகம் x என்றால்

50/x − 50/(x + 10) = 1/4

4x(x + 10)-ஆல் பெருக்கினால் 2000 = x² + 10x; மூலங்கள் 40, −50. இப்போது −50-ஐ முதல் சமன்பாட்டில் போடுங்கள்: −1 + 1.25 = 0.25. பொருந்துகிறது! இயற்கணிதத்தில் −50 நல்ல மூலம்தான். சாலையில் அதற்குப் பொருள் இல்லாததால் தள்ளுகிறோம்.

இதோடு ஒப்பிட x/(x − 3) − 2 = 3/(x − 3) கொடுங்கள். x − 3-ஆல் பெருக்கினால் x − 2x + 6 = 3, x = 3. முதல் சமன்பாட்டில் பகுதி பூச்சியம். இது சமன்பாட்டையே நிறைவு செய்யாத மூலம், தீர்வு இல்லை. 1/(x − 2) + 2/(x + 2) = 4/(x² − 4) என்பதும் இதே வகை, x = 2 வந்து விழும். ஆகவே தள்ளும்போது காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்: "சமன்பாட்டுக்குப் பொருந்தவில்லை" அல்லது "சூழலுக்குப் பொருந்தவில்லை". இரண்டில் ஒன்று.

அதே சாலையில் தொலைத்தொடுகோடும் இருக்கிறது. போகும்போது மணிக்கு 40 கி.மீ. திரும்பும்போது எந்த வேகத்தில் வந்தால் மொத்தப் பயணத்தின் சராசரி 80 ஆகும்? 80 என்பார்கள், 120 என்பார்கள். சராசரி y = 80x/(40 + x). x = 60-க்கு 48, 120-க்கு 60, 360-க்கு 72. 80 என்று வைத்துத் தீர்த்தால் 80x = 3200 + 80x; தீர்வு இல்லை. y = 80 என்பதுதான் கிடைமட்டத் தொலைத்தொடுகோடு. காரணமும் எளிது: 50 கி.மீ. போகவே ஒன்றேகால் மணி ஆகிவிட்டது, 100 கி.மீ.க்கு 80 வேகம் என்றால் மொத்த நேரமே ஒன்றேகால் மணிதான்.

மாங்கூழ் ஆலை தெரியாத பிள்ளை கிருஷ்ணகிரியில் இல்லை. 100 கிலோ கூழில் 14 கிலோ சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். x கிலோ சர்க்கரை கூட்டினால் சதவீதம் y = 100(14 + x)/(100 + x). 25 சதவீதம் ஆக 14.7 கிலோ, 50 ஆக 72 கிலோ, 75 ஆக 244 கிலோ, 90 ஆக 760 கிலோ. (கரையுமா என்ற கேள்வியை வேதியியல் ஆசிரியருக்கு விட்டுவிடலாம்.) 100-ஐத் தொடவே முடியாது, முதலில் இருந்த 86 கிலோ சர்க்கரை அல்லாத பொருள் உள்ளேயே இருக்கிறது. y = 100 − 8600/(100 + x) என்று பிரித்து எழுதினால் அந்த 86 கண்ணுக்கே தெரியும். x = −100-இல் நிலைக்குத்துக் கோடும் உண்டு. ஆனால் இந்தக் கணக்கில் x ≥ 0; சார்பகத்தைச் சூழல் சுருக்கிவிடுகிறது.

அசமன்பாடு. (x + 1)/(x − 2) ≥ 3. குறுக்கே பெருக்கினால் என்ன தப்பு? x − 2 குறை எண்ணாக இருந்தால் குறி திரும்ப வேண்டும். அது மிகையா குறையா என்பது x தெரியாமல் தெரியாது. x ≤ 7/2 என்று எழுதியவரிடம் x = 0 போடச் சொல்லுங்கள்: −1/2 ≥ 3 ஆகுமா? சரியான வழி, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவருவது:

(x + 1)/(x − 2) − 3 = (7 − 2x)/(x − 2) ≥ 0

எண்கோட்டில் 2, 7/2 குறியுங்கள். 2-க்குக் கீழே மிகை/குறை, ஆகவே குறை. 2-க்கும் 7/2-க்கும் நடுவே மிகை. 7/2-க்கு மேல் மறுபடி குறை. விடை 2 < x ≤ 7/2. 7/2 சேரும், 2 சேராது. ≥ இருக்கிறதே என்று 2-ஐயும் அடைப்புக்குள் சேர்ப்பது அடுத்த பிழை. எண்கோட்டில் பகுதியின் பூச்சியத்துக்கு முதலிலேயே வெற்று வட்டம் போட்டுவிட்டால் இது வராது.

வர்க்கமூல அசமன்பாட்டில் மொரப்பூர் சார் சொன்ன தொலைதல் பெரிய அளவில் நடக்கிறது. √(x + 5) > x − 1. நேரே வர்க்கப்படுத்தினால் x² − 3x − 4 < 0, ஆகவே −1 < x < 4. ஆனால் x = −4 போட்டால் 1 > −5, உண்மைதானே? அது விடையில் இல்லை. வலப்பக்கம் குறை எண்ணாக இருக்கும்போது வர்க்கப்படுத்தவே தேவையில்லை. இடப்பக்கம் பூச்சியமோ மிகையோ என்பதால் தானாகவே பெரிது. ஆகவே இரண்டாகப் பிரிக்க வேண்டும்: −5 ≤ x < 1 முழுவதும் தீர்வு, x ≥ 1 என்றால் வர்க்கப்படுத்தி 1 ≤ x < 4. சேர்த்தால் −5 ≤ x < 4. இங்கே x + 5 ≥ 0 என்ற நிபந்தனையை எழுதியே ஆக வேண்டும். சமன்பாட்டில் அது தானாக வந்தது, இங்கே வராது.


கேஆர்பி_அணை:

பத்து பீரியடைப் பிரிக்க ஒரு யோசனை. சுருக்குதலும் நிபந்தனையும் ஒன்று. துளையும் தொலைத்தொடுகோடும் அட்டவணையோடு ஒன்று. வரைபடம் இரண்டு, குறைக்காதீர்கள், இரண்டாவது நாள் பிள்ளைகளே தாளில் வரையட்டும். விகிதமுறு சமன்பாடு ஒன்று, அதிலேயே அம்புக்குறியை அறிமுகப்படுத்திவிடுங்கள். விகிதமுறு அசமன்பாடு ஒன்று. வர்க்கமூலம் மூன்று: முதல் நாள் படமும் B ≥ 0-உம், இரண்டாம் நாள் இரண்டு மூலங்கள் வருவதும் பிரதியிடலும், மூன்றாம் நாள் மட்டுக்குறியும் அசமன்பாடும். கடைசி பீரியடு பிழை கண்டுபிடிக்கும் தாள்: முழுதாகச் செய்த ஆறு கணக்கு, நான்கில் பிழை, இரண்டு சரி. எல்லாவற்றிலும் பிழை இருந்தால் யோசிக்காமலே தேடுவார்கள். சரியானவை கலந்திருந்தால்தான் ஒவ்வொரு வரியையும் படிப்பார்கள்.

ஹைடெக் லேபில் ஜியோஜீப்ரா (வரைபடம் போடும் மென்பொருள்) திறந்து காட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. (x² − 9)/(x − 3) என்று கொடுத்தால் திரையில் முழு நேர்கோடாகத்தான் தெரியும். ஒற்றைப் புள்ளித் துளைக்கு அகலம் இல்லை. பிள்ளைகள் "நாங்க வரைஞ்சதுதானே சரி" என்பார்கள். x = 3-இல் சார்பின் மதிப்பைத் தனியாகக் கேளுங்கள், எண் வராது. அதைக் காட்டிவிட்டு (3, 6)-இல் வெற்று வட்டத்தை நீங்களே சேர்த்துக் காட்டுங்கள். இதற்கு மாறாக √(x + 7) = x − 5 படத்துக்கு ஜியோஜீப்ரா மிக நன்றாக உதவும்: 5-க்குப் பதில் ஸ்லைடர் வைத்து y = x − k கோட்டை நகர்த்தினால், k = −7-இலிருந்து கூடும்போது வெட்டும் புள்ளி மேல் பாதியில் எத்தனை, கீழ்ப் பாதியில் எத்தனை என்று எண்ணலாம். k = −7-இல் மேல் பாதியில் இரண்டு: x = −7, −6. k = −7-ஐத் தாண்டினால் ஒன்று கீழ்ப் பாதிக்கு இறங்கிவிடும்.


பாலக்கோடு_கணிதம்:

கே.ஆர்.பி. சார், k = −7-க்குக் கீழே போனால்? √(x + 7) = x + 7.2 மாதிரி?


கேஆர்பி_அணை:

மேல் பாதியிலேயே இரண்டு வெட்டும் மேடம். t = √(x + 7) என்று வைத்தால் x = t² − 7; t = t² + 0.2, அதாவது t² − t + 0.2 = 0. தன்மைகாட்டி (b² − 4ac) 1 − 0.8 = 0.2, மிகை. t-யின் இரண்டு மூலங்களும் மிகை எண், ஆகவே பொருந்தாத மூலமே கிடையாது. k = −7.25-இல் தன்மைகாட்டி பூச்சியம், கோடு வளைவரையைத் தொட்டுக்கொண்டு போகும். அதற்கும் கீழே தீர்வே இல்லை. வர்க்கப்படுத்தினாலே ஒரு மூலம் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து இரண்டில் ஒன்றை கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த k = −7 கணக்கையே கொடுங்கள்: √(x + 7) = x + 7. −7, −6 இரண்டும் சரி.